கடலூர் பேருந்து நிலையத்தில் உதவிய தம்பிக்கு நன்றி

2024 ஆகஸ்ட் 8 அன்று மாலை, திருப்பாதிரிப்புலியூரில் உள்ள கடலூர் பேருந்து நிலையத்தில் என் தந்தைக்கு உதவிய, பெயர் தெரியாத தம்பிக்கு இந்த நன்றி. பள்ளி நாட்களில் ஹாக்கி கோல்கீப்பராக விளையாடிய என் தந்தை, பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கத்துக்காக ஸ்பெயினுடன் இந்தியா மோதிய அந்த ஆட்டம்தான் இந்திய ஹாக்கி கோல்கீப்பர் ஸ்ரீஜேஷின் கடைசி ஆட்டம் என்பதை அறிந்து, அதைப் பார்த்தே தீர வேண்டும் என்றிருந்தார். என் கைப்பேசியோ சார்ஜ் தீர்ந்து அணைந்துவிட்டது. அவருடைய தவிப்பைக் கவனித்த நீங்கள், "ஐயா, இப்படி உட்காருங்க, சேர்ந்தே பார்ப்போம்" என்று அழைத்து இடம் கொடுத்தீர்கள். உங்கள் பேருந்து வந்து புறப்பட்டபோதும் நீங்கள் எழுந்திருக்கவில்லை.

பின்தங்கியிருந்த இந்தியா, கேப்டன் ஹர்மன்பிரீத் அடித்த இரண்டு கோல்களால் 2-1 என வென்றது. ஆட்டம் முடிந்ததும், 2021இல் டோக்கியோவில் வென்ற வெண்கலத்துக்குப் பின் இரண்டாவது பதக்கத்தோடு விடைபெற்ற ஸ்ரீஜேஷ் கோல் கம்பத்தின் மீது ஏறி அமர்ந்ததைக் கண்டு என் தந்தை அழுதார். கோல்கீப்பரின் உழைப்பு பெரும்பாலும் தோல்வியின்போதுதான் பேசப்படும் என்பதால், ஸ்ரீஜேஷுக்குக் கிடைத்த அந்தப் பெருமையைத் தன்னுடையதாகவே என் தந்தை எண்ணினார். அப்போது நீங்கள் ஒன்றும் கேட்காமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

பெயர் கேட்பதற்குள் அடுத்த பேருந்தில் ஏறிவிட்டீர்கள், தம்பி. இதைப் படித்தால் அவசியம் தொடர்புகொள்ளுங்கள். அப்பா உங்களைப் பார்க்க விரும்புகிறார்.