அது அரை அங்குலம் அல்ல, கால் அங்குலம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொலைக்காட்சியில் வரும் கைவேலை நிகழ்ச்சிகளைப் பார்த்து எதையும் கற்றுக்கொள்ள முடியாது, எல்லாம் முன்கூட்டியே செய்து வைத்துக் காட்டும் ஏமாற்று வேலை என்று சென்ற ஞாயிறு உங்கள் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவருக்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி இருக்கிறது. போன மாதம் அப்படி ஒரு நிகழ்ச்சியில் விருந்தினராக உட்கார்ந்து, முன்கூட்டியே செய்து வைத்ததை எடுத்து எடுத்துக் காட்டியவள் நான்.

நான் தைப்பது ஒட்டுத்துணிப் போர்வை. குயில்ட் என்றால் இப்போது நிறையப் பேருக்குப் புரிகிறது. சிறுசிறு துண்டுகளை இணைத்த மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் ஒரு முழுத்துணி, இந்த மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் ஓட்டுத்தையல். இருபத்திரண்டு வருடமாக இதைத்தான் செய்கிறேன்.

பதிலுக்கு முன்னால் ஒரு திருத்தம். இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே முக்கியமாக அதற்காகத்தான். நிகழ்ச்சியில் என் முகத்துக்குக் கீழே வந்த எழுத்தில் "தையலுக்கு அரை அங்குலம் விடவும்" என்று இருந்தது. துணி ஓரத்துக்கும் தையலுக்கும் நடுவில் விடும் இடம் அது. நான் சொன்னது கால் அங்குலம். மூன்று தடவை சொன்னேன். ஒளிபரப்பில் அந்த மூன்றும் போய்விட்டன, எழுத்து மட்டும் நின்றது. நிலையத்துக்குப் போன் செய்தேன். "டெலிகாஸ்ட் ஆயிடுச்சே மேடம், இனிமே என்ன பண்றது?" என்றார்கள், மரியாதையாகத்தான். தவறாக அச்சிட்டுவிட்டால் மறுநாள் திருத்தம் போடும் வழக்கம் பத்திரிகைகளிடம் இருக்கிறது. அதனால் அவர்கள் பிழையைத் தூக்கிக்கொண்டு உங்களிடம் வந்திருக்கிறேன்.

சரி, ஏமாற்று விஷயத்துக்கு வருகிறேன்.

என்னை அழைத்த பெண் போனில், "எட்டு நிமிஷத்துல ஒரு குயில்ட் எப்படிப் பண்றதுன்னு காட்டணும் மேடம்" என்றார். நான் கடைசியாக முடித்த போர்வைக்கு எட்டு மாதம் ஆனது. சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு மாதிரி தைத்துக்கொண்டு போக வேண்டும். வெட்டிய சதுரங்கள், இணைத்த ஒரு வரிசை, முழு பிளாக், பஞ்சு வைத்து ஊக்குக் குத்தியது, பாதி தைத்தது, முடித்தது. எல்லாவற்றிலும் இரண்டிரண்டு. ஏனென்றால் அங்கே "இன்னொரு தடவை" என்பார்கள். பேசியதை இன்னொரு தடவை பேசலாம், வெட்டிய துணியை இன்னொரு தடவை வெட்ட முடியாது. அந்த எட்டு நிமிடத்துக்காக மூன்று வாரம் தைத்தேன். அதில் ஏமாற்று எங்கே இருக்கிறது என்று உங்கள் வாசகர்தான் சொல்ல வேண்டும்.

பொடிக் கட்டமும் மெல்லிய கோடும் போட்ட உடை வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். நெருக்கமான கோடுகள் கேமராவுக்குள் இருக்கும் புள்ளி வரிசையோடு மோதி, திரையில் நெளிநெளியாக அலையடிக்குமாம். நானும் வெறும் நீலத்தில் உடுத்திக்கொண்டு போனேன். அங்கே போய் விரித்த பிறகுதான் தெரிந்தது, நான் கொண்டுபோன போர்வைகளில் மிக நல்லது முழுக்க முழுக்கப் பொடிக் கட்டம். கேமரா அதன் மேல் பட்டதும் துணி கொதிக்கிற மாதிரி இருந்தது. கடைசியில் பத்தடி பின்னால், மங்கலாகத் தெரியும்படி மாட்டினார்கள். என் எட்டு மாத உழைப்பு அங்கே திரைச்சீலையாகத் தொங்கிற்று.

கையால் தைக்கும் பகுதியைத்தான் நான் ஆவலோடு எதிர்பார்த்தேன். இந்தத் தையலுக்குப் பிட்வீன் என்று ஒரு குட்டையான ஊசி. எண் ஏற ஏற ஊசி சிறிதாகும். என் கைக்குப் பழகியது பத்தாம் எண். கேமராவுக்கு அது தெரியவில்லை. பெரிய ஊசி கொடுத்தார்கள். நூலும் தெரியவில்லை. துணியோடு கலந்துவிடும் நிறத்தில் நூல் எடுப்பதுதான் எங்கள் வழக்கம், பிசகெல்லாம் மறைந்துவிடும் அல்லவா? அவர்கள் வெள்ளைத் துணிக்குச் சிவப்பு நூல் கேட்டார்கள். வீட்டில் அங்குலத்துக்குப் பத்துத் தையல் போடுபவள், அந்த விளக்கு வெளிச்சத்தில், அந்தக் கோணி ஊசியால், சிவப்பு நூலில் ஆறு போட்டேன். அதுவும் கோணல். அதுதான் பெரிதாக்கிக் காட்டப்பட்டது.

ஆனால் அங்கே ஒரு கேமராக்காரர் இருந்தார். நான் சட்டத்தில் துணியை மாட்டித் தைத்துக்கொண்டிருந்தபோது, "அம்மா, இடது கை கீழே என்ன பண்ணுது?" என்று கேட்டார். இருபத்திரண்டு வருடத்தில் என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. மேலே இருக்கும் கை ஊசியைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். கீழே இருக்கும் விரல்நுனிதான் ஊசி முனை மூன்று அடுக்கையும் கடந்து வந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்து, உடனே மேலே திருப்பி அனுப்புகிறது. முனை விரலில் உரசினால் வந்துவிட்டது என்று அர்த்தம். உரசாவிட்டால் அடித்துணியில் தையல் விழவில்லை. அந்த விரலின் தோல் காய்த்துப்போயிருக்கும். காட்டினேன். அவர் கேமராவைத் தோளில் வைத்தபடி தரையில் உட்கார்ந்து, சட்டத்துக்குக் கீழே இருந்து இரண்டு நிமிடம் படம் எடுத்தார். ஒளிபரப்பில் அது வரவில்லை. இந்த வேலையில் பாதி துணிக்குக் கீழே நடக்கிறது என்பதைப் புரியவைக்கும் படம் அது ஒன்றுதான். அவர் இதைப் படித்தால், தம்பி, நன்றாகத்தான் எடுத்தீர்கள்.

தொகுப்பாளினி நல்ல பெண். இரண்டு சதுரங்களை அவரே மெஷினில் இணைத்துப் பார்த்தார். தையல் ஓரத்தை விட்டு ஓடிவிட்டது. பிரித்துவிடலாம் என்று தையல் பிரிக்கும் ஊசியை நீட்டினேன். "பிரிக்கிறதா? ஷோவுலயா?" என்று ஆச்சரியப்பட்டார். எதிரில் நின்றவர் கையைக் காட்ட, படப்பிடிப்பு நின்றது. நான் வீட்டிலிருந்து கொண்டுவந்த சரியான வரிசை அவர் கைக்குப் போனது. திரையில் பார்த்தவர்களுக்கு அவர் முதல் தடவையே நேராகத் தைத்துவிட்டார். உங்கள் வாசகர் கோபப்பட வேண்டிய இடம் இதுதான் என்பேன். முன்கூட்டியே செய்து வைத்தது பரவாயில்லை, பிரிக்க வேண்டி வந்ததை மறைத்திருக்க வேண்டாம். புதிதாகத் தைப்பவர்கள் முதல் நாள் செய்வதே பிரிப்பதுதான். டிவியில் யாருக்கும் கோணவில்லை, நமக்கு மட்டும் கோணுகிறதே என்று நினைத்துத் துணியை மூட்டை கட்டி வைத்துவிடுவார்கள்.

அப்புறம், "வேஸ்ட் துணியில் செய்கிற பொழுதுபோக்குதானே இது?" என்று ஒரு கேள்வி. இது வரும் என்று தெரிந்து பதிலோடு போயிருந்தேன். அமெரிக்காவில் 1837-ல் அடிமையாகப் பிறந்த ஹாரியட் பவர்ஸ் என்ற பெண்மணி, பைபிள் கதைகளைத் துணியில் வெட்டிப் பதித்துத் தைத்த போர்வையைப் பணக் கஷ்டத்தில் ஐந்து டாலருக்கு விற்றார். இன்று அது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் தைத்ததில் நமக்குக் கிடைத்திருப்பவை அதுவும் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் இன்னொன்றும்தான். 1987-ல் எய்ட்ஸ் நோயில் இறந்தவர்களுக்காக ஆளுக்கு ஒரு துணிப் பலகை தைத்து, வாஷிங்டன் திடலில் 1,920 பலகைகளை விரித்தார்கள். ஒவ்வொன்றும் மூன்றடிக்கு ஆறடி, கிட்டத்தட்ட ஒரு சவக்குழி அளவு. இதையெல்லாம் நாற்பது விநாடிக்குள் சொல்லிவிட வேண்டும் என்று கண்ணாடி முன் நின்று பயிற்சி செய்தேன், வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அங்கே தடுமாறாமல் சொல்லியும் விட்டேன். ஒளிபரப்பில் வந்தது: "அமெரிக்காவிலும் இதைப் பண்றாங்க."

ஒன்றே முக்கால் மணி நேரம் எடுத்தார்கள். வந்தது ஆறு நிமிடம் நாற்பது விநாடி. வெட்டி இணைப்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? நானும் துணியை வெட்டித்தான் பிழைக்கிறேன். எதைக் குறைத்தாலும் பொறுத்துக்கொள்கிறேன், அளவை மட்டும் மாற்றியிருக்கக் கூடாது.

அந்தக் கால் அங்குலம் என்ன செய்யும் என்று பாருங்கள். நிகழ்ச்சியில் நான் சொன்னபடி மூன்றரை அங்குலச் சதுரங்கள். கால் அங்குலத்தில் தைத்தால், நாலு பக்கமும் இணைத்த பிறகு ஒவ்வொன்றும் மூன்று அங்குலமாகத் தெரியும். அரை அங்குலத்தில் தைத்தால் இரண்டரை. ஒன்பது சதுரம் சேர்ந்த பிளாக் ஒன்பது அங்குலம் வர வேண்டியது, ஏழரையில் நின்றுவிடும். குறுக்கே ஆறு, நெடுக்கே எட்டு என்று நாற்பத்தெட்டு பிளாக்குகள். 54-க்கு 72 அங்குலம் வர வேண்டிய போர்வை 45-க்கு 60 ஆகிவிடும். பெரியவர் ஒருவர் போர்த்தினால் ஒன்று தோள் வெளியே, இல்லை கால் வெளியே. இதுவரை மூன்று பேர் எனக்குப் போன் செய்துவிட்டார்கள். ஒருவர் முப்பது பிளாக் முடித்துவிட்டாராம், எல்லாம் ஒரே சீராக வந்திருக்கிறது, ஆனால் சிறிதாக இருக்கிறதே என்கிறார். சீராக வந்திருக்கிறது என்றால் அவர் தையலில் குறையே இல்லை.

இன்னும் ஆரம்பிக்காதவர்கள் கால் அங்குலத்துக்கு ஒரு நூலிழை குறைவாகவே தையுங்கள். இஸ்திரி போடும்போது மடிப்பு அந்த இழையைத் தின்றுவிடும். இஸ்திரிப் பெட்டியையும் இழுக்காமல் தூக்கித் தூக்கி வையுங்கள், இழுத்தால் துணி கோணும். (நிகழ்ச்சியில் இழுத்தது நான் இல்லை.)

அரை அங்குலத்தில் பாதி வழி வந்துவிட்டவர்கள் தயவுசெய்து பிரிக்க வேண்டாம். மீதியையும் அரை அங்குலத்திலேயே தைத்து முடியுங்கள், நடுவில் மாற்றினால் பிளாக்குகள் ஒன்றோடொன்று பொருந்தாது. முடிந்ததும் சுற்றிலும் ஒரே நிறத்தில் கரை கொடுத்துவிடுங்கள். இரண்டு பக்கவாட்டிலும் நாலரை அங்குலமும், மேலும் கீழும் ஆறு அங்குலமும் தெரிந்தால் பழைய அளவுக்கு வந்துவிடும். அதற்குப் பக்கவாட்டுத் துணியை ஐந்தரை அங்குல அகலத்திலும், மேல் கீழ்த் துணியை ஏழு அங்குல அகலத்திலும் வெட்ட வேண்டும். கரையின் நீளத்தைப் போர்வையின் ஓரத்தில் அளக்காதீர்கள், ஓரம் இழுபட்டிருக்கும். நடுவில் அளந்து வெட்டுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகி