நடை சரி, தரையிலிருந்து எழுவது?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த உடற்பயிற்சிக் கட்டுரையைப் படித்தேன். தினமும் அரை மணி நேரம் நடந்தால் போதும், வயதானவர்களுக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டாம் என்று முடித்திருந்தார் கட்டுரையாளர். அந்தப் 'போதும்' என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை.

எனக்கு வயது 63. 11 வருடமாகக் காலை நடையை விட்டதில்லை, மாடி ஏறினால் மூச்சு வாங்காது, அந்தத் தெம்பில் நான் நல்ல ஃபிட் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். போன வருடம் கட்டிலுக்கு அடியில் உருண்டுபோன ஒரு மாத்திரையை எடுக்கத் தரையில் உட்கார்ந்தேன். மாத்திரை கிடைத்துவிட்டது, எழுந்திருக்கத்தான் முடியவில்லை. கட்டில் காலைப் பிடித்து, முழங்காலை ஊன்றி, ஒரு வழியாக எழுவதற்குள் வியர்த்துவிட்டது.

அப்புறம் விசாரித்துப் படித்ததில் புரிந்தது இதுதான். சமதரையில் நடக்கும்போது தொடைத் தசை தன் பலத்தில் கொஞ்சத்தைத்தான் செலவழிக்கிறது. இதயமும் நுரையீரலும் நன்றாகப் பழகும், ஆனால் தசைக்கு இன்னும் பலமாக வேண்டிய அவசியமே வருவதில்லை. பளு கூடினால்தான் நரம்பு மண்டலம் பெரிய, வேகமான தசை இழைகளையும் வேலைக்கு இழுக்கும். வயதாக ஆக அதிகம் சுருங்குவதும் அந்த வேக இழைகள்தான். தடுக்கி விழப்போகும்போது சட்டென்று காலை ஊன்ற உதவுவது அவைதான் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை.

இந்த வயதில் பளுவா என்று கேட்பவர்களுக்கு, 1990ல் அமெரிக்க மருத்துவ இதழான ஜாமாவில் வந்த ஓர் ஆய்வு இருக்கிறது. முதியோர் இல்லத்தில் இருந்த, 90 வயதை ஒட்டிய 10 பேருக்கு 8 வாரம் கால்களுக்குக் கடினமான எடைப் பயிற்சி கொடுத்தார்கள். முடித்த 9 பேருக்கும் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொடைத் தசையின் குறுக்குவெட்டுப் பரப்போ 9 சதவீதம்தான் கூடியது! மீதி வலிமை எங்கிருந்து வந்தது என்றால், ஆரம்ப வாரங்களில் தசை பருப்பதற்கு முன்பே, இருக்கிற தசையை முழுசாக ஏவ நரம்புகள் கற்றுக்கொள்கின்றன. கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை என்று மூன்றாவது வாரத்தில் நிறுத்திவிடுகிறவர்களிடம் யாராவது இதைச் சொல்ல வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2020ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் நடையோடு நிற்கவில்லை. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அதோடு குறைந்தது 2 நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. 65 வயதைத் தாண்டினால் சமநிலைப் பயிற்சியும் வாரம் 3 நாள் சேரும். நீங்கள் அச்சிட்டது இதில் பாதியை மட்டும்.

அந்தக் கட்டுரைக்குப் போட்ட படத்தையும் சொல்லிவிடுகிறேன், ஒரு பாட்டி சிரித்துக்கொண்டே தண்ணீர் பாட்டில் அளவுக்கு ஒரு டம்பெல்லைத் தூக்குகிறார். அதையே வருடக்கணக்கில் தூக்கினால் உடம்பு அதற்குப் பழகி அங்கேயே நின்றுவிடும். சுலபமாகிவிட்டால் பளுவைக் கொஞ்சம் கூட்ட வேண்டும், வேறு ரகசியம் கிடையாது. (எடை மட்டும் தூக்கி நடையை விட்டவர்கள் இரண்டு மாடி ஏறியதும் மூச்சிரைப்பதும் உண்டு, அது தனிக் கதை.) ரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள், பளு தூக்கும்போது மூச்சை அடக்காதீர்கள்.

நான் உயரமான நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவதில் ஆரம்பித்தேன், பிறகு தாழ்ந்த நாற்காலி, இப்போது முதுகில் புத்தகம் நிறைத்த பையோடு. தரையிலிருந்து ஒரு கையை மட்டும் ஊன்றி எழ முடிகிறது. அந்தக் கையையும் எடுக்க இன்னும் சில மாதம் ஆகும்போல.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்