ஓரத்தில் எழுதிய கை

மண்டபம்,
ஆனி 3

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். தங்கையும் பேரப்பிள்ளைகளும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். இங்கே 61 நாள் தடைக்காலம் முடிந்து, விசைப்படகுகள் முந்தாநாள் கடலுக்குப் போயின. இரண்டு மாதமாக நாட்டுப்படகு மீனை விலை கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பிக்கொண்டிருந்த எங்கள் வீட்டில் நேற்று நகரை மீன் குழம்பு. அந்தக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் மதுரையிலிருந்து நீங்கள் அனுப்பிய பார்சலும் வந்து சேர்ந்தது.

“மேலட்டை இல்லாத சமையல் புத்தகம், உங்களுக்குத்தான் இது பிடிக்கும்” என்று சீட்டெழுதி வைத்திருந்தீர்கள். சமைக்கத் தெரியாத ஒருவர் சமையல் புத்தகமாக வாங்கி அடுக்குவதை என் மனைவி முப்பது ஆண்டுகளாகக் கேலி செய்துவருகிறார்; அந்தக் கேலியில் இப்போது நீங்களும் சேர்ந்துகொண்டீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அனுப்புவதற்கு முன் உள்ளே புரட்டிப் பார்த்தீர்களா? பார்த்திருந்தால் அதை அனுப்பியிருக்கவே மாட்டீர்கள்.

அச்சில் இருப்பது வழக்கமான சைவச் சமையல்தான். சாம்பார், கூட்டு, பச்சடி என்று ஊரறிந்த வரிசை. அளவுகளெல்லாம் கிராமில் இருக்கின்றன. எடை அளவுச் சட்டம் வந்தது 1956இல் என்பதால் அதற்குப் பிந்திய பதிப்பு என்பது மட்டும் உறுதி. புத்தகம் இவ்வளவுதான் என்று மூடப் போனபோதுதான், பக்க ஓரங்களில் ஊதா மையில் பொடியாக எழுதிய ஒரு கையெழுத்து கண்ணில் பட்டது. ‘துவரம்பருப்பு 350 கிராம்’ என்ற வரியின் பக்கத்தில் ‘10 பலம்’ என்று எழுதியிருக்கிறது. ஒரு பலம் ஏறக்குறைய 35 கிராம், கணக்கு பிசகவில்லை. அரசாங்கம் பலத்தைக் கிராமாக மாற்றியது, இந்த அம்மாள் கிராமைத் திரும்பவும் பலமாக மாற்றிக்கொண்டிருக்கிறார்!

அடுத்த பக்கத்தில் ‘மிளகாய் வற்றல் 10’ என்பதை அடித்துவிட்டு, ‘நம்ம குண்டு என்றால் 14’ என்று எழுதியிருக்கிறது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாங்கள் குண்டு என்று சொல்லும் இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2023இல்தான். ஆனால் அது நம்முடையது என்று எப்போதோ ஒருவர் புத்தக ஓரத்தில் எழுதிவைத்துவிட்டார். இவர் எங்கள் பக்கத்தவர்தானா என்ற என் ஐயம் முழுவதும் தீர்ந்தது வாழைக்காய்ப் புட்டு வந்த பக்கத்தில். அங்கே இப்படி எழுதியிருக்கிறது: ‘பால்சுறாவிலும் இப்படியே. அவித்து, தோலுரித்து, முள் எடுத்து உதிர்க்கவும். பெருங்காயம் வேண்டாம், பூண்டு கூட. பிள்ளை பெற்றவளுக்குத் தேங்காய் சேர்க்காதே.’ சைவப் புத்தகத்துக்குள் இப்படிச் சுறாவை நீந்தவிட்டவர் எங்கள் கரைக்காரர் அல்லாமல் வேறு யாராக இருக்க முடியும்?

நான் சேர்க்கும் புத்தகங்களில் எனக்கு நெடுநாளாக இருக்கும் குறை இதுதான். என் அலமாரியில் 1951இல் முதலில் வெளிவந்த மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ இருக்கிறது, குக்கரோடும் மிக்ஸியோடும் கொடுத்த குறிப்பேடுகள் இருக்கின்றன, மகளிர் இதழ்களின் இலவச இணைப்புகள் ஒரு கட்டு இருக்கின்றன. இவற்றுள் பெரும்பாலானவற்றில் கடலே இல்லை. இருந்தாலும் ‘மீன் அரை கிலோ’ என்று ஒரே சொல்லில் முடிந்துவிடும். விளை மீனா, பாறையா, காரலா என்று கேட்காமல் எங்கள் பெண்கள் புளியைக் கரைக்கக்கூட மாட்டார்கள். ஆகவே அச்சுப் புத்தகங்களைவிட, அவற்றில் கைபட்ட இடங்களையே நான் முதலில் தேடுகிறேன். எண்ணெய்க் கறை படிந்து கண்ணாடிபோல் ஆன பக்கம்தான் அந்த வீட்டில் அடிக்கடி சமைத்த பக்கம். மடிப்புக் குலையாமல் இருக்கும் பக்கத்தை ஒருவரும் சமைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

சென்ற மாதம் கீழக்கரையில் என் பழைய மாணவன் ஒருவனுடைய வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் கிடைத்ததை உங்களுக்குச் சொல்லவில்லை. முழுவதும் அரபுத் தமிழ். மொழி தமிழ்தான், எழுத்து அரபி, அரபியில் இல்லாத நம் ஒலிகளுக்குப் புள்ளியும் குறியும் கூட்டி எழுதுவார்கள். எனக்கு ஓர் எழுத்தும் விளங்கவில்லை. அவனுடைய உம்மம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசிக்க, நான் தமிழெழுத்தில் எழுதிக்கொண்டேன். ‘மீன் ஆணம்’ என்று அவர் வாசித்ததும் எனக்கு மெய் சிலிர்த்தது. குழம்புக்கு ஆணம் என்று பெயர் உண்டென்பதை நாம் நிகண்டில் படித்தோம், அவர்கள் அதை நாள்தோறும் சோற்றில் ஊற்றிக்கொள்கிறார்கள். தொதல் என்ற இனிப்புக்கு வந்தபோது, ‘கருப்பட்டி ஒரு வீசை, பச்சரிசி மாவு அரைப்படி, தேங்காய் ஆறு’ என்று வாசித்தவர் சட்டென்று நிறுத்தி, “ஆறு பத்தாது வாத்தியாரே, எட்டுன்னு எழுதுங்க, பால் கொறஞ்சா எண்ணெய் பிரியாது” என்றார். கடைசி வரி எனக்கு மனப்பாடமாகிவிட்டது: ‘கிண்டுகிறவள் மாறலாம், அகப்பை நிற்கக் கூடாது.’ நான் ஆறையும் எழுதி, அதன் ஓரத்தில் எட்டையும் எழுதிக்கொண்டேன்.

சிறுபாணாற்றுப்படை நடத்தும்போதெல்லாம், வீமனுடைய மடைநூலில், அதாவது சமையல் நூலில், சொன்னபடி வழுவாமல் சமைத்த பல்வகை அடிசில் என்ற இடத்தில் நீங்கள் வகுப்பைச் சிரிக்க வைப்பீர்களே, நினைவிருக்கிறதா? அந்த வழுவாமையில் எனக்கு இப்போது நம்பிக்கை போய்விட்டது. வீமனின் நூலையும் அந்த அரண்மனை மடையர் யாராவது ஓரத்தில் திருத்தியிருப்பார்.

உங்கள் புத்தகத்துக்குச் சிறிது வைத்தியம் தேவைப்பட்டது. இரண்டு பக்கமும் கடல் உள்ள ஊரில் காகிதத்துக்கு முதல் பகை இரும்புக் கம்பிதான். தையல் கம்பி துருவேறி, சுற்றியிருக்கும் காகிதத்தை அரித்துப் பழுப்பு வட்டமாக்கிவிடும். இரண்டு கம்பிகளையும் குறடால் மெல்ல நிமிர்த்தி உருவிவிட்டு, அதே துளைகளில் பருத்தி நூல் கோத்துத் தைத்தேன். பக்கத்து வீட்டில் வலை பின்னுகிறவர் நைலான் நூல் தருவதாகச் சொன்னார். அது காகிதத்தை அறுத்துவிடும் என்று மறுத்தேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம். அலமாரித் தட்டில் வசம்பு வைத்திருக்கிறேன். இராமர் பாலம் கட்டிய கரையில் உட்கார்ந்துகொண்டு புத்தகத்தை அரிக்கும் இராமபாணப் பூச்சிக்குப் பயந்து வாழ்கிறேன், பாருங்கள்.

ஓர் உதவி வேண்டும். அந்தப் பழைய புத்தகக் கடைக்கு இன்னொரு முறை போய்வாருங்கள். இந்தப் புத்தகம் எந்த வீட்டுக் கட்டோடு வந்தது என்று கடைக்காரருக்கு நினைவிருக்கலாம். இல்லையென்றாலும், அதே மூலையில் ஊதா மையில் எழுதிய வேறு புத்தகமோ நோட்டோ கிடக்கிறதா என்று பாருங்கள். இந்தப் புத்தகத்தின் கடைசித் தாளில் ‘மாசிச் சம்பலுக்கு மற்ற நோட்டில் பார்’ என்று எழுதியிருக்கிறது. அந்த மற்ற நோட்டு எனக்கு வேண்டும். என்ன விலை சொன்னாலும் பேரம் பேசாமல் வாங்கிவிடுங்கள். என் மனைவிக்கு மட்டும் விலையைச் சொல்லிவிடாதீர்கள்.

அடுத்த வாரம் மதுரை வருகிறவர் ஒருவர் மூலம் எட்டுத் தேங்காய்க் கணக்கில் செய்த தொதல் கொஞ்சம் அனுப்புகிறேன். டப்பாவை மறக்காமல் திருப்பி அனுப்பவும்.

என்றும் அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்