இத்தாலி அபராதமும் எங்கள் பெயரும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பத்து நாளாக வெளிநாட்டில் வாடகை வண்டி ஏற்பாடு செய்து தரும் நம்ம காந்திபுரம் அலுவலகம் கமிஷன் அடிக்கிறது என்று ஒரு குரல் பதிவு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. நாலைந்து பேர் அதை எனக்கே அனுப்பி, "ஏனுங்க, நிஜமாங்க?" என்று கேட்டுவிட்டீர்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி மாளவில்லை. அதனால்தான் இந்த மடல்.

திருப்பூர் அண்ணன் ஒருவர் போன செப்டம்பரில் மனைவி, மகனோடு ஜெர்மனியிலுள்ள ஸ்டுட்கார்ட் போய், போர்ஷே 911 என்ற ஸ்போர்ட்ஸ் காரை வாடகைக்கு எடுத்து, சுவிட்சர்லாந்து வழியாக இத்தாலி வரை ஓட்டிவிட்டு வந்தார். ஏற்பாடு நாங்கள்தான். ஊர் திரும்பி ஐந்து மாதம் கழித்து அவருடைய கிரெடிட் கார்டில் மூன்று தடவை பணம் எடுத்திருக்கிறார்கள். "வண்டியத் திருப்பிக் குடுத்த பொறகும் கமிஷன் அடிக்கறானுங்க" என்று பதிவில் வருகிறதே, அது இந்தப் பணத்தைப் பற்றித்தான்.

அதில் ஒரு சென்ட்கூட எங்களுக்கு வரவில்லை. ஃபுளோரன்ஸ் மாதிரி இத்தாலிய ஊர்களில் பழைய நகரத்துக்குள் அனுமதி இல்லாத வண்டி நுழையக் கூடாது. இசட்.டி.எல். என்பார்கள். வெள்ளைப் பலகையில் ஒரு சிவப்பு வட்டம் இருக்கும், அவ்வளவுதான். போலீஸ் நின்று கை காட்ட மாட்டார், கேமரா நம்பர் பிளேட்டைப் படம் பிடித்துக்கொள்ளும். எத்தனை தடவை நுழைகிறோமோ அத்தனை அபராதம். அண்ணன் ஓட்டலைத் தேடி மூன்று சுற்று சுற்றியிருக்கிறார்.

ஏன் சுற்றினார் என்பதும் எனக்குத் தெரியும். அந்த 911-இல் எஞ்சின் பின்னால், டிக்கி முன்னால். டிக்கியில் ஒரு பெட்டி வைத்தால் அடுத்ததற்கு இடமில்லை. பின்சீட்டில் பாதியைப் பையனும் மீதியை இன்னொரு பெட்டியும் பிடித்துக்கொள்ள, ஊரிலிருந்து கொண்டுபோன ரைஸ் குக்கரை அக்கா மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். ஓட்டல் வாசலிலேயே இறங்கலாம் என்று அண்ணன் நினைத்ததில் தப்பே இல்லை. செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் ரேஸ் பார்த்து வளர்ந்தவர், அந்த வண்டிதான் வேண்டும் என்று இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்.

சரி, பணத்துக்கு வருகிறேன். அந்த ஊர் நகராட்சி, வண்டியை ஓட்டியது யார் என்று வாடகை நிறுவனத்தைக் கேட்கும். பெயரையும் முகவரியையும் எடுத்துக் கொடுப்பதற்கு அந்த நிறுவனம் ஒவ்வொரு தடவைக்கும் இவ்வளவு என்று கார்டில் பிடித்துக்கொள்ளும். ஒப்பந்தத்தில் இருப்பதுதான். இதுவரை போனது அந்தக் கூலி மட்டும். அபராதம் தனியாகத் தபாலில் வரும். வெளிநாட்டவருக்கு நோட்டீஸ் அனுப்ப அங்கே 360 நாள் வரை அவகாசம் உண்டு. இதைச் சொல்ல எனக்கே சங்கடமாக இருக்கிறது.

முன்பதிவுக்கு வாடகை நிறுவனம் எங்களுக்குக் கமிஷன் தருகிறது. அதை நான் மறைத்ததே இல்லை, கேட்டவர்களுக்குச் சொல்லித்தான் வந்திருக்கிறேன். ஆனால் அபராதத்தில் யாருங்க கமிஷன் தருவார்கள்? டெபாசிட்டையும் நாங்கள் தொடுவதில்லை. ஓட்டுபவர் பெயரில் உள்ள கிரெடிட் கார்டில் அந்தத் தொகையை அவர்கள் நிறுத்தி மட்டும் வைப்பார்கள், பிறகு விடுவிப்பார்கள். அண்ணனுக்கு அது முழுதாக விடுபட்டது. பதிவில் அந்தப் பேச்சே இல்லை.

ஒப்பந்தத்தைப் படித்துத் தமிழில் குறிப்பு எழுதித் தரும் பெண் ஆகஸ்டில் பெங்களூரு வேலைக்குப் போய்விட்டதால், இசட்.டி.எல். பற்றிச் சொல்லும் தாள் அண்ணனின் பயண உறையில் விட்டுப்போயிருக்கலாம். இப்போது எல்லா உறையிலும் வைக்கிறோம்.

பதிவைக் கேட்டதும் நம்பிவிடாமல் என்னைக் கூப்பிட்டுக் கேட்டவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது? ஜனவரிதோறும் பிராங்க்ஃபர்ட் ஹெய்ம்டெக்ஸ்டில் ஜவுளிக் கண்காட்சிக்குப் போகும் கரூர்க்காரர்கள் இந்த வாரமும் முன்பணம் கட்டிவிட்டுப் போனார்கள். கோபியிலிருந்து ஒருவர், "உங்க சண்டைய அப்புறம் பாருங்க, எனக்கு மே மாசம் வண்டி வேணும்" என்றார். அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கியது.

யூரோ நூறு ரூபாயைத் தாண்டிவிட்டதால் சித்திரை முதல் எங்கள் சேவைக் கட்டணம் 6,000-இலிருந்து 8,500 ரூபாய் ஆகிறது. பயணத்துக்கு 30 நாளுக்குள் ரத்து செய்தால் அது திரும்பாது. ஆர்.டி.ஓ. தரும் சர்வதேச ஓட்டுநர் உரிமம் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும், பழையதைக் கொண்டு வராதீர்கள்.

திருப்பூர் அண்ணனுக்கு: இத்தாலியிலிருந்து தபால் வந்தால் அப்படியே எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வாருங்கள். கட்டும் வழியை நானே உட்கார்ந்து பார்த்துத் தருகிறேன், அதற்குக் கட்டணம் கிடையாது. அக்காவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
உரிமையாளர்,
காந்திபுரம், கோயம்புத்தூர்