முகத்துவாரம் அன்றைக்குத் திறந்திருந்ததா?

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகள் பல்கலைக்கழகம் போகத் தொடங்கிவிட்டாள் என்று வாசித்ததும் முதலில் அம்மாவிடம்தான் சொன்னேன். அவவுக்குப் பெரிய சந்தோசம். முழங்கால் வலி மட்டும் அவவை விடவில்லை. இங்கே மாரி தொடங்கிவிட்டது. வாடைக்காற்று இரவு முழுக்க யன்னலை அடிக்கிறது.

சரி, நீ கேட்ட விசயத்துக்கு வருகிறேன். கடலோரத்து எங்கள் மட்டக்களப்பு வாவியின் வெள்ளத்தைக் கணினியில் ஓட்டிப் பார்க்க நில உயரம், ஆழம், மழை, காற்று நாலும் வேண்டும் என்றாய். நாலும் கையில் இருக்கின்றன. ஆனால் அப்படியே அள்ளி அனுப்ப மனம் வரவில்லை.

நில உயரத்துக்கு எல்லாரும் எடுப்பது 2000 பெப்ரவரியில் விண்ணோடத்தில் இருந்து ராடாரால் 11 நாளில் அளந்த தரவு. 30 மீற்றருக்கு ஒரு கட்டம், இலவசம். ஆனால் மரம் நிற்கிற இடத்தில் ராடார் தரை வரைக்கும் போகாது. ஓலைக்கும் மண்ணுக்கும் நடுவில் எங்கோ நின்றுவிடும். போன வருசம் அதை வைத்து ஓட்டினபோது நாவலடிப் பக்கத்துத் தென்னந்தோப்பெல்லாம் மேடாக எழும்பி நின்றது. தண்ணீர் அதைச் சுற்றிக்கொண்டு போனது. 2004 மார்கழியில் அந்தக் கரைக்குள் கடல் எப்படி வந்தது என்று நமக்குத் தெரியும். திரையில் அந்த இடம் நனையாமல் கிடந்ததைப் பார்க்க நெஞ்சு பதறியது, மச்சான். இதை நம்பி யாராவது அங்கே ஒரு பாதுகாப்பு நிலையம் கட்டினால்?

ஆழம் நாங்களே அளந்தது. தோணியில் போய், குறி போட்ட கம்பை ஊன்றி ஊன்றிப் பார்த்தோம். முதல் நாள் கம்பு நாலு விரல் சேற்றில் புதைந்ததைக் கவனிக்காமல் விட்டோம். அடுத்த நாள் நுனியில் ஒரு தட்டையான பலகை அடித்தபிறகுதான் கணக்கு சரியாக வந்தது. ஓரிடத்தில் 1.4 மீற்றர் என்று எழுதினோம். வாவி கடலோடு சேர்கிற முகத்துவாரத்தை அடைத்த மணல்திட்டை வெட்டின பிறகு அதே இடத்தில் 0.9. அடிநிலம் அசையவில்லை, தண்ணீர்தான் கடலுக்கு இறங்கிவிட்டது. அதனால் ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் திகதியையும் அன்றைய நீர்மட்டத்தையும் எழுதி, எல்லாவற்றையும் கடல்மட்டத்துக்கு மாற்றித்தான் தருவேன். நில உயரத்தை ஒரு பூச்சிய மட்டத்தில் இருந்தும், ஆழத்தை வேறொரு பூச்சிய மட்டத்தில் இருந்தும் எண்ணினால் கரையோரத்தில் இல்லாத பள்ளம் விழும்.

மழைக் கணக்கு காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரைக்கும் ஒரே தொகை. 240 மில்லிமீற்றர் என்று இருந்தால், 24 மணித்தியாலத்துக்கும் பிரித்தால் மணிக்கு 10தான். அதுவே நாலு மணித்தியாலத்தில் கொட்டியிருந்தால் மணிக்கு 60. வயல் தாங்குவதும் வரம்பு உடைவதும் அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. மணிக்கணக்கு கிடைத்த நாட்களைத் தனியாக வைத்திருக்கிறேன்.

காற்றுக்கு 1940 முதல் மணிக்கு மணி கிடைக்கிற உலகத் தரவு இருக்கிறது. ஒரு கட்டம் கிட்டத்தட்ட 31 கிலோமீற்றர். கடல், வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, வாவி, மேற்கே படுவான்கரை வயல் எல்லாம் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். நீட்டாகக் கிடக்கிற வாவியில் காற்று தண்ணீரை ஒரு முனைக்கு ஒதுக்குகிறதே, அது இதில் தெரியாது. கரையில் அளந்த காற்றையும் சேர்த்து அனுப்புகிறேன்.

நாலும் ஒரே நாளைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும் என்பதில்தான் நான் பிடிவாதமாக இருக்கிறேன். 2011 தை வெள்ளத்து மழையை எடுத்து, வேறொரு வருசத்து முகத்துவார மணல்திட்டோடு ஓட்டினால், எங்கள் ஊரில் ஒருபோதும் வராத வெள்ளம்தான் வரும். அப்புறம், எந்த எண்ணில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிடுவேன். அந்தப் பிழைக் குறிப்பை மட்டும் அழித்துவிடாதே.

உன் கணினி மாதிரியில் முகத்துவாரத்தின் அகலத்தை நாளுக்கு நாள் மாற்ற இடம் இருக்கிறதா? அதைச் சீக்கிரம் எழுது. இருந்தால், முகத்துவாரம் வெட்டின, மூடின திகதிகளை மீன்பிடிக்கிற ஆட்களிடம் கேட்டுக் குறித்த கொப்பியையும் தட்டச்சு செய்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
ரவி