எழுத்து ஒட்டுமுன் பெயின்ட்டைப் பார்

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.

அன்பின் மச்சான்,

உன் கடிதமும் போனில் அனுப்பிய படங்களும் கிடைத்தன. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் கண் ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்து, இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டு பேப்பரைத் தானே வாசிக்கிறார். மூத்தவள் வெள்ளவத்தையில் ஒரு கணக்காளரிடம் பயிற்சிக்குப் போகிறாள். காலி வீதி நெரிசலில் மாட்டாமல் இருக்க விடியவே கிளம்பிவிடுகிறாள்.

என் ஸ்டிக்கர் கடையில் வேலைக்குக் குறைவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து ஆட்கள் பழைய வண்டிகளைத்தான் திருத்தித் திருத்தி ஓடினார்கள். 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திரும்பத் திறந்துவிட்டார்கள். ஆனாலும் வரியையும் விலையையும் பார்த்துவிட்டு, இருக்கிறதையே வைத்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். அதனால் என் வாசலுக்கு வருகிற வண்டிகளில் பெரும்பாலானவை வெயில் தின்ற பெயின்ட்தான். வெயில் பட்ட பழைய பெயின்ட்டின் மேல் கடைப் பெயரை ஸ்டிக்கராக ஒட்டலாமா என்று நீ கேட்டிருப்பது நான் நாள்தோறும் யோசிக்கிற விஷயம் என்பதால் பதில் கொஞ்சம் நீளும். பொறுமையாக வாசி.

தங்கச்சி செய்கிற இனிப்புகள், தொதலும் மஸ்கட்டும், வண்டி வைத்து விற்கிற அளவுக்கு வந்தது பெரிய சந்தோஷம். லைட்ஏஸ் வான் நல்ல தேர்வு, எஞ்சினைப் பற்றி யாரும் குறை சொல்வதில்லை. உடம்பைப் பற்றித்தான் நாம் கதைக்க வேண்டும். படத்தில் பார்த்த அளவில் பக்கத் தகடுகள் தொழிற்சாலையில் அடித்த நீலம். இடது முன்கதவு பிறகு யாரோ அடித்தது, நிறம் ஒரு சாயல் மாறியிருக்கிறது, கைபிடிக்குக் கீழே செதில் செதிலாகக் கிளம்புகிறது. கூரையில் அடிப்பூச்சான பிரைமரே தெரிகிறது. கூரையை விட்டுவிடு, அங்கே எழுத்து எதற்கு?

விரலால் தேய்த்தால் நீலத்தூள் வருகிறது என்று எழுதியிருந்தாய். எல்லாம் அங்கேதான் இருக்கிறது. பெயின்ட் என்றால் நிறத்தூளும் அதைப் பிடித்து வைத்திருக்கும் பிசினும். வெயிலின் புற ஊதாக் கதிரும் ஈரமும் சேர்ந்து மேற்பரப்பில் உள்ள பிசினை உடைத்துவிடும். பிறகு நிறத்தூள் எதிலும் பிடிக்காமல் சும்மா மேலே கிடக்கும். ஸ்டிக்கரின் பசை அந்தத் தூளைத்தான் பிடிக்கும், வண்டியைப் பிடிக்காது. அண்மையில் ஒரு பேக்கரி வண்டி வந்தது. வேறோர் இடத்தில் ஒட்டிய பெயர், ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. “ஸ்டிக்கர் கூடாது” என்று அந்த மனிதர் சரியான கோபத்தில் இருந்தார். மிச்சமிருந்த ஓர் எழுத்தை உரித்து, பின்பக்கத்தைத் திருப்பி அவர் கையில் வைத்தேன். முழுக்க வெள்ளைத்தூள். ஸ்டிக்கர் நல்லதுதான். ஒட்டியவர்கள் தகட்டைத் தண்ணீர்த் துணியால் ஒரு துடை துடைத்துவிட்டு ஒட்டியிருக்கிறார்கள். உழைத்துச் சேர்த்த காசில் போட்ட கடைப் பெயர் எழுத்து எழுத்தாகத் தெருவில் உதிர்வதைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை, மச்சான். அதனால்தான் உன் ஊர்க் கடைக்காரர் “அப்படியே ஒட்டலாம்” என்று சொன்னதை வாசித்தவுடனே பேனாவை எடுத்தேன்.

முதலில் ஒரு சோதனை. துணியில் கொஞ்சம் கொம்பவுண்ட் (பெயின்ட்டைத் தேய்த்து மெருகேற்றும் பசை) எடுத்து, கண்ணில் படாத இடத்தில் தேய்த்துப் பார். துணி நீலமானால் நிறமும் பளபளப்பும் ஒரே அடுக்கு. நிறம் வராவிட்டால் மேலே கிளியர் கோட், அதாவது நிறமில்லாத மேல்பூச்சு, இருக்கிறது. மெட்டலிக் நிறங்கள் கிட்டத்தட்ட எல்லாமே கிளியர் போட்டவை. உன் பக்கத் தகடுகள் முதல் வகை என்றுதான் நினைக்கிறேன். அது நல்லது, ஏனென்றால் செத்த மேற்பரப்பை எடுத்தால் கீழே உயிருள்ள நீலம் கிடைக்கும். அந்த இடது கதவு அப்படியல்ல. உரிகிற கிளியரை எவ்வளவு பொலிஷ் பண்ணினாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. அதன் மேல் ஒட்டினால் எழுத்தோடு சேர்ந்து கிளியரும் வரும். அந்தக் கதவைத் தேய்த்துத் திரும்ப அடிக்கத்தான் வேண்டும்.

கழுவுவதிலிருந்து தொடங்கு. உன் வீடு கல்லடிக் கடற்கரைக்குப் பக்கம், உப்புக் காற்று. இங்கே மரைன் டிரைவில் இரவில் நிறுத்துகிற வண்டிகளின் கதவை விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். நல்ல தண்ணீரை நிறைய ஊற்றி உப்பைப் போகவிட்டு, பிறகு பாத்திரம் கழுவுகிற லிக்விட் போட்டுக் கழுவு. சாதாரண நாளில் அதை வண்டிக்குப் போடாதே என்பேன், மெழுகை எடுத்துவிடும். இப்போது நமக்கு மெழுகு போகத்தான் வேண்டும். மெழுகு கலந்த கார் ஷாம்பு வேண்டாம். சேர்விஸ் ஸ்டேஷனுக்கு விட்டால் கடைசியில் பளபளப்புக்கு ஒன்றும் அடிக்க வேண்டாம் என்று வாயால் சொல்லி, பக்கத்திலேயே நில். அதில் பலவற்றில் சிலிக்கோன் இருக்கும், சிலிக்கோன் பட்ட இடத்தில் பசை பிடிக்காது. டயருக்கு அடிக்கிற கறுப்புப் பளபளப்பும் அப்படித்தான், காற்றில் தெறித்து கதவின் கீழ்ப்பாதியில் படிந்துவிடும். தார் இருந்தால் துளி மண்ணெண்ணெய் தொட்டு எடு, ஆனால் அது எண்ணெய்ப் படலம் விடும் என்பதால் அந்த இடத்தைத் திரும்ப லிக்விட் போட்டுக் கழுவ வேண்டும். தின்னரைக் கிட்டவும் கொண்டுபோகாதே, பழைய பெயின்ட் இளகிவிடும்.

வண்டியில் ஏற்கனவே ஒட்டியிருக்கிற ஜப்பான் எழுத்துகளைப் பற்றிக் கேட்டிருந்தாய். கொழும்பில் எத்தனையோ லொறிகளில் இன்னும் ஜப்பான் கம்பனிகளின் பெயர்கள்தான் ஓடித் திரிகின்றன, யாரும் உரிக்க மினக்கெடுவதில்லை. நீ உரி. வண்டியைக் கொஞ்சம் வெயிலில் விட்டோ, தலைமயிர் காய வைக்கும் டிரையரால் சூடாக்கியோ, ஓரத்தைத் தூக்கித் தகட்டோடு சேர்த்தாற்போலத் தாழ்வாக, மெதுவாக இழு. நேரே வெளியே இழுத்தால் பெயின்ட்டும் வரலாம். பழைய ஸ்டிக்கர் துண்டு துண்டாகத்தான் உடையும், நகமும் பிளாஸ்டிக் தகடும் போதும், பிளேட் வேண்டாம். எல்லாம் போன பிறகும் அந்தப் பெயரை வாசிக்கலாம். ஸ்டிக்கருக்குக் கீழே இருந்த நீலம் வெயிலே காணாமல் கடும் நிறமாக இருக்கும், சுற்றியுள்ளது வெளிறியிருக்கும். செத்த மேற்பரப்பைத் தேய்த்தெடுத்து மெருகேற்றுகிற கட் அண்ட் பொலிஷ் அந்த வித்தியாசத்தைக் குறைக்கும், முழுக்க அழிக்கும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. அந்த இடத்தை அகலமான ஒரு மஞ்சள் பட்டையால் மூடி, அதன் மேல் உன் பெயரைப் போடலாம். நீலத்தில் மஞ்சள் தூரத்திலிருந்தே தெரியும்.

இனி கட். ஆட்கள் அவசரப்படுகிற இடம் இதுதான். தொழிற்சாலைப் பெயின்ட் எல்லா அடுக்கும் சேர்ந்தே சுமார் 100 முதல் 150 மைக்ரோன்தான், ஒரு ஏ4 தாளின் தடிப்பை விடக் கொஞ்சம் கூட. அதிலும் வெயிலும் முந்திய சொந்தக்காரரின் பொலிஷ்களும் எவ்வளவு தின்றனவோ. ஆகவே மென்மையான கொம்பவுண்டில் தொடங்கு. அதற்கு மசியாத இடத்தில் மட்டும் 2000 வோட்டர் பேப்பர் (தண்ணீரில் நனைத்துத் தேய்க்கிற மிக நைசான உப்புத்தாள்), நிறையத் தண்ணீரோடு. தகட்டின் மடிப்புகளிலும் விளிம்புகளிலும் பெயின்ட் மிக மெல்லிசு, அங்கே முதலிலேயே மாஸ்கிங் டேப் ஒட்டிவிடு. உலரத் தேய்க்காதே, பழைய சிவப்பு மஞ்சள் பெயின்ட்டுகளில் ஈயம் இருந்திருக்கலாம், எந்த நிறமானாலும் அந்தத் தூளை மூச்சில் எடுக்கக்கூடாது. ஒரு முழ அகலம் முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போ. தேய்க்கிற பஞ்சு பேட் செத்த பெயின்ட்டால் அடைத்துக்கொள்ளும், அடிக்கடி கழுவு.

எங்கே நிறுத்துவது? துணியில் நீலம் வராமல் போகும்வரை என்று பலர் தேய்த்துக்கொண்டே இருக்கிறார்கள். ஒரே அடுக்குப் பெயின்ட்டில் நீலம் எப்போதும் வரும், பிரைமர் தெரியும்வரை வரும். அதைப் பார்க்காதே. தகட்டைக் கழுவிக் காயவிட்டு, உலர்ந்த வெள்ளைத் துணியால் அழுத்தித் துடை. தூள் ஒட்டாவிட்டால், உன் முகம் மங்கலாகவாவது தெரிந்தால், போதும். உனக்கு நினைவிருக்கும், நாம் எனாமலில் போர்ட் எழுதிய காலத்தில் பாஸ் தன் உள்ளங்கையால் பலகையைத் தடவிப் பார்க்காமல் நம்மிடம் பிரஷைத் தரமாட்டார். அவரிடம் படித்ததில் எனக்கு இன்றைக்கும் சோறு போடுவது அந்தத் தடவல்தான். ஸ்டிக்கர் வெட்டுகிற மெஷினுக்கு அந்தக் கை இல்லை.

கொம்பவுண்டிலும் எண்ணெய் இருக்கும். திரும்பக் கழுவிவிட்டு, ஐசோபுரோபைல் அல்ககோல் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்து துடை. கைக்குப் பூசுகிற சானிட்டைசரால் துடைக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கூடாது, அதில் கிளிசரின் இருக்கும். இரண்டு துணி வைத்துக்கொள். ஒன்றால் ஈரமாகத் துடை, அது காய்வதற்குள் மற்றதால் எடு. தானாகக் காயவிட்டால் கரைந்த அழுக்கு திரும்ப அதே இடத்தில் படிந்துவிடும். பக்கத்தில் நெருப்பு வேண்டாம், யாரும் சிகரெட்டும் பற்றக்கூடாது. இந்தத் துடைப்புக்கு முன் சுத்தமான தண்ணீரை ஊற்றிப் பார்ப்பது நல்ல வழக்கம். தண்ணீர் விரிந்து படலமாக இறங்கினால் சரி. முத்து முத்தாக நின்றால் மெழுகோ சிலிக்கோனோ இன்னும் இருக்கிறது, திரும்பக் கழுவு.

கடைசியாக, நல்ல ஒட்டுத்தன்மையுள்ள டேப் ஒன்றை எழுத்து வரப்போகிற இடத்தில் அழுத்தி ஒட்டி, சடக்கென்று இழு. டேப்பில் பெயின்ட் வந்தால் அந்த இடத்தில் ஒட்டாதே. சக்கர வளைவுக்கு மேலே பெயின்ட் உப்பியிருக்கிறது போலப் படத்தில் தெரிகிறது. அது துரு, அதன் மேல் எதுவும் நிற்காது. கறுப்பு பிளாஸ்டிக் பம்பரிலும் எழுத்து வேண்டாம்.

இடது கதவை அடித்தால், அடித்த கையோடு ஒட்டச் சம்மதிக்காதே. புதுப் பெயின்ட்டுக்குள் இருக்கும் தின்னர் மெல்ல மெல்லத்தான் வெளியேறும். மூடினால் ஸ்டிக்கருக்குக் கீழே குமிழ் குமிழாக எழும்பும். சூட்டில் வாட்டாமல் காற்றில் காய்கிற பெயின்ட் என்றால் சில வாரங்கள் வேண்டும். எந்தப் பெயின்ட் என்று அடிப்பவரிடம் கேட்டு எனக்குச் சொல்லு.

ஒட்டுவது பெரிய வேலை இல்லை. காலையில், நிழலில். மட்டக்களப்பு வெயிலில் நின்ற தகட்டில் பசை வைத்தவுடனே கவ்விக்கொள்ளும், நேர்ப்படுத்தத் தூக்கினால் எழுத்து இழுபட்டுப் போகும். நடுவில் மாஸ்கிங் டேப் ஒட்டி அரைவாசி அரைவாசியாக இறக்கு. பிறகு இரண்டு நாளைக்குக் கழுவாதே, பசை முழுப்பிடி எடுக்க நேரம் வேண்டும். பிரஷர் தண்ணீரை எழுத்தின் ஓரத்துக்கு நேரே பிடிக்கக்கூடாது. நீ திறந்துவிட்ட நீலம் பாதுகாப்பில்லாமல் இருந்தால் திரும்ப வெளிறத் தொடங்கும். எழுத்து நன்றாகப் பிடித்த பிறகு, ஓரங்களில் படாமல் சுற்றிவர மெழுகு போடு.

எழுத்தை நான் இங்கே வெட்டுகிறேன். காஸ்ட் வைனல் என்ற நல்ல ரக ஸ்டிக்கர் தாளில் வெட்டுவேன், சுமார் 50 மைக்ரோன், மலிவானதைப் போலச் சுருங்காது. கம்ப்யூட்டரில் கிடைக்கிற மெல்லிய எழுத்து வேண்டாம். தமிழில் முதலில் விழுவது புள்ளி. தனியாக நிற்கிற சின்ன வட்டம், பிடிக்க இடமே இல்லை. புள்ளி போனால் ‘மஸ்கட்’ ‘மஸகட’ ஆகிவிடும். ஆகவே புள்ளியைப் பெரிதாக்கி, எழுத்தின் முனைகளையும் கொஞ்சம் உருட்டி வெட்டுகிறேன். சிங்களத்திலும் பெயர் வரட்டும், அதற்கும் இடம் விடு.

வாடைமழை தொடங்குமுன் முடித்துவிட வேண்டும். கொம்பவுண்டும் பேட்டும் இங்கே வண்டிச் சாமான் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் நானே பார்த்து வாங்கி, எழுத்துகளோடு இரவு பஸ்ஸில் போட்டுவிடுகிறேன். எழுத்துகள் சுருளாக வரும், யாரையும் மடிக்க விடாதே. வலது கதவிலும் பின்பக்கத் தகட்டிலும் மடிப்புக்கு மடிப்பு அகலம், உயரம் அளந்து அனுப்பு. பெயரைத் தங்கச்சியின் கையாலேயே பெரிதாக எழுதிப் படம் எடுத்து அனுப்பச் சொல்லு. அவள் எழுதுகிற மாதிரியே வெட்டித் தருகிறேன்.

அன்புடன்,
உன் கூட்டாளி