ஞாயிறு காலையில் கூப்பிடு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் என்ன கேட்டாலும் "சரிப்பா, சாப்பிட்டேன்ப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன். கோத்தகிரியில் பனி விழுந்து பள்ளத்துத் தேயிலைச் செடியெல்லாம் கருகிக் கிடக்கிறது. பச்சை இலை வரத்து குறைந்து, ஃபேக்டரி வாரத்தில் நான்கு நாள்தான் ஓடுகிறது. அம்மாவின் முட்டிவலி அப்படியேதான். சரி, அது இருக்கட்டும்.

வேலை விஷயமாக உன்னை ஒன்றும் கேட்கப் போவதில்லை. சித்திதான் சொன்னாள். மூன்று கம்பெனியிலும் எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாயாமே! எங்களிடம் ஏன் சொல்லவில்லை? குரூப் டிஸ்கஷனில்தான் வாயே திறக்கவில்லை என்றாள்.

போன மாதம் இங்கே டிரெய்னி எடுத்தார்கள். தூள் தயாரிப்பைப் பார்த்துக்கொள்கிற டீ மேக்கர் என்று என்னையும் உட்காரவைத்தார்கள். டிரையரிலிருந்து வந்த தூளை ஒரு பையன் கையில் கொடுத்து, ஈரம் சரியா என்று கேட்டேன். நல்ல மார்க் வாங்கிய பையன். "3 சதவீதம் இருக்கணும் சார்" என்று ஒப்பித்தான். கையில் இருந்ததைப் பார்க்கவே இல்லை. அடுத்து வந்த பெண், "தெரியாது சார், எப்படிப் பார்க்கணும்?" என்றாள். விரலால் நசுக்கிக் காட்டினேன். பக்கத்துத் தட்டிலிருந்து தானே ஒரு சிட்டிகை எடுத்து நசுக்கிப் பார்த்துவிட்டு, "இது முறியலை சார், நமுத்த மாதிரி இருக்கு" என்றாள். அவளைத்தான் எடுத்தோம். கேட்கத் தெரிகிறதா, ஒரு தப்பு நடந்தால் ஷிப்ட் மாறுவதற்குள் வந்து சொல்வார்களா, இதைத்தான் எங்களைப் போன்றவர்கள் பார்க்கிறோம். தெரியாததைத் தெரியாது என்று சொல், தம்பி.

கடைசி வருடம் பனியை அளக்க ஒரு கருவி செய்தாயே, அதைச் சொன்னாயா? பெரியப்பா தோட்டத்துக்கு ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச்சோடு போனவன் நீ. "சென்சார் வைத்தேன்" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதே. குளிரில் பேட்டரி நின்றுபோனதையும், அப்புறம் நீ என்ன செய்தாய் என்பதையும் சொல். தெருவே பார்த்து அசந்த வேலை அது. அப்ரண்டிஸ் பயிற்சி என்றாலும் கௌரவம் பார்க்காதே. ஒரு வருடம், உதவித்தொகையும் தருவார்கள். சென்னை தரமணியில் அதற்கென்றே வாரியம் இருக்கிறது. தெரியாததைத் தெரியாது என்று சொல். வேளைக்குச் சாப்பிடு.

இவ்வளவும் எழுதிவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. கல்விக் கடனுக்குப் பேங்கில் உட்கார்ந்திருந்தோமே, மேனேஜர் உன்னைப் பார்த்துத்தான் "என்ன படிக்கப் போறே தம்பி?" என்றார். நீ வாயெடுத்தாய். பதில் நான் சொன்னேன். ஏன் அந்தப் படிப்பு என்று கேட்டார். அதற்கும் நானே சொன்னேன். நீ நூல் கட்டிய அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாய். கடையில், பஸ்ஸில், ஆஸ்பத்திரியில், எங்கேயும் உனக்காக நான்தான் பேசினேன். பிள்ளைக்குச் சிரமம் வேண்டாம் என்று நினைத்தேன். இப்போது அதே மாதிரி ஒரு மேஜைக்கு முன்னால் உன்னைத் தனியாக உட்காரவைத்துவிட்டு, ஏன் பேசவில்லை என்கிறேன். தப்பு என்னுடையதுதான்.

ஞாயிறு எனக்கு ஷிப்ட் இல்லை. காலையில் கூப்பிடு. நீ சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேச மாட்டேன்.

அப்பா

பெரியப்பா வெள்ளிக்கிழமை வருகிறார். வர்க்கியும் டீத்தூளும் கொடுத்துவிடுகிறேன்.